‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று 52 அளவு ரோடு பைக் வாங்கலாமா?

கேள்வி: கோவையிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நண்பர்களுடன் சிறுவாணி சாலையில் சைக்கிள் ஓட்டும் பழக்கம் உண்டு. மகளுக்கு 11 வயது 8 மாதம். உயரம் 147 செ.மீ., எடை 37 கிலோ. மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய 24 அங்குல கியர் சைக்கிள் சிறிதாகிவிட்டது. ‘அப்பா மாதிரியே’ வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரோடு பைக்தான் வேண்டும் என்கிறாள். ஒரு கடையில் போன வருட மாடல், 52 அளவு, தள்ளுபடி போக 38,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். ‘வளர்ற பிள்ளை சார், சின்னதா வாங்கினா வருஷத்துக்கு ஒண்ணு மாத்தணும், சீட்டை இறக்கிக் குடுத்துடறோம்’ என்கிறார்கள். எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. பிறந்தநாளன்று அவளுக்குத் தெரியாமல் வாங்கி வந்து நிறுத்தலாம் என்றிருக்கிறேன். நான் 172 செ.மீ., மனைவி 157. எட்டு வயதில் மகனும் இருக்கிறான், அக்காவுக்கு வந்தால் அவனும் கேட்பான். இப்படிக் குனிந்து ஓட்டினால் முதுகு போய்விடும் என்று மாமியார் பயப்படுகிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அந்த 52 வேண்டாம். 38,000 அல்ல, 20,000க்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவியது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய உங்கள் இருவர் உயரம்தான். பிள்ளை எவ்வளவு வளரும் என்று கணிக்கக் குழந்தை மருத்துவர்கள் ஒரு எளிய கணக்குப் போடுவார்கள். அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி, பெண் பிள்ளையானால் 13 செ.மீ. கழித்து, ஆண் பிள்ளையானால் 13 கூட்டி, இரண்டால் வகுக்க வேண்டும். உங்கள் மகளுக்கு 172 + 157 - 13, அதில் பாதி: 158. இது ஜாதகம் அல்ல, மேலும் கீழும் எட்டு செ.மீ. வரை தள்ளிப் போகலாம். ஆனாலும் நமக்கு ஒரு திசை கிடைக்கிறது. 158 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண் என் முன் வந்து நின்றால் நான் 47இலிருந்து 49 செ.மீ.க்குள் ஃபிரேம், அதாவது சைக்கிளின் சட்டம், பார்ப்பேன். 52 என்பது பொதுவாக 165 முதல் 172 வரை உயரம் உள்ளவர்களுக்கான அளவு. அதாவது மகள் முழுதாக வளர்ந்து முடித்த பிறகும் இந்த 52 அவளுக்குப் பெரிதாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. நம் ஊரில் ரோடு பைக் வாங்குபவர்களில் பெரும்பாலோர் 25 வயதைத் தாண்டிய ஆண்கள். அதனால் கடைகள் 52, 54, 56 தான் வரவழைக்கும். அதில் மிஞ்சிப்போனதுதான் தள்ளுபடிக்கு வருகிறது. அவரிடம் 44 இருந்திருந்தால் அதைத்தான் உங்களிடம் காட்டியிருப்பார்.

பள்ளிச் சீருடையை ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கி, அடியில் மடித்துத் தைத்து, வருடா வருடம் மடிப்பைப் பிரித்து விடுவது நம் வீடுகளில் நடப்பதுதான். சைக்கிளிலும் அப்படி மடிப்பு வைத்துக்கொள்ளச் சில இடங்கள் உண்டு. சீட் உயரம் ஒன்று, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் நீளம் இன்னொன்று. ஃபிரேமின் நீளத்தில் மட்டும் அது நடக்காது. சிறிய ஃபிரேமை ஓரளவு பெரிதாக்கலாம், பெரிய ஃபிரேமைச் சிறிதாக்க வழி கிடையாது.

‘நாங்கள் எல்லாம் அப்பாவோட பெரிய சைக்கிள்லதானே குரங்குப் பெடல் போட்டுக் கத்துக்கிட்டோம்’ என்று உங்கள் நண்பர் யாராவது சொல்லுவார். உண்மைதான். பாருக்கு அடியில் காலை விட்டு, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, தெருமுனை வரை போய்த் திரும்பினோம். அதே ஆள் இன்று தன் சைக்கிளில் சீட்டை அரை செ.மீ. ஏற்றலாமா வேண்டாமா என்று என்னிடம் வாட்ஸ்அப்பில் கேட்பார். போக வர முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓட்டப்போகும் பிள்ளைக்கு அந்த நியாயம் செல்லாது.

சரி, இப்போது அளவுக்கு வருவோம். உயரத்தைக் கொடுத்திருக்கிறீர்கள், கால் அளவு கொடுக்கவில்லை. சைக்கிளுக்குக் கால்தான் முதலில். பேண்ட் அளவை வைத்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் துணிக்கடைக்காரர் அளப்பது வேறு இடம். மகளைச் செருப்பில்லாமல் சுவரோடு முதுகு ஒட்ட நிற்கச் சொல்லுங்கள். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கெட்டி அட்டை போட்ட பெரிய புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே கொடுத்து, ஒரு விளிம்பு சுவரில் ஒட்டியிருக்க, சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுத்துமோ அந்த அளவுக்கு மேலே இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பில் பென்சில் கோடு போட்டு, தரையிலிருந்து அளவெடுங்கள். அம்மா கூட இருந்து செய்தால் பிள்ளைக்குக் கூச்சம் இருக்காது. மூன்று முறை எடுத்து, ஒன்றுக்கொன்று நெருங்கி வரும் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். 147 உயரத்துக்கு அநேகமாக 67இலிருந்து 69க்குள் வரும். நான் 68 என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். உங்கள் அளவு மாறினால் கணக்கையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

சைக்கிள்காரர்கள் நடுவே பிரபலமான ஒரு சூத்திரம் இருக்கிறது: கால் அளவை 0.883ஆல் பெருக்கினால் கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, சுழலும் மையத்திலிருந்து சீட் வரை உள்ள உயரம் கிடைக்கும் என்பார்கள். உங்கள் குழுவிலும் யாராவது அதைச் சொல்லித் தருவார்கள். பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய ஒத்து வரும். பிள்ளைகளுக்கு அதைப் போடாதீர்கள். அதில் கிராங்க் நீளம் கணக்கிலேயே வராது, பெரியவர்களின் காலுக்குப் பொருத்தமான கிராங்க் இருப்பதாக எடுத்துக்கொண்டு போட்ட சூத்திரம் அது. குட்டைக் காலுக்கு நீளக் கிராங்க் இருந்தால் சீட்டை அளவுக்கு மீறி உயர்த்திவிடும். அதைவிடப் பழைய முறை ஒன்று இருக்கிறது, அதுதான் இங்கே சரி. பெடல் அடியில் இருக்கும்போது பெடலின் மேற்பரப்பிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, கால் அளவில் 109 சதவீதம். 68க்கு அது 74 செ.மீ. இதில் 165 மி.மீ. கிராங்க் நீளத்தைக் கழித்தால், மையத்திலிருந்து சீட்டுக்கு 57.5 செ.மீ. கிடைக்கிறது.

இந்த 57.5ஐ அந்தக் கடைச் சைக்கிளில் வைத்துப் பாருங்கள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே போகும் பார் மட்டமாக இருக்கும் பழைய பாணி 52 என்றால், சீட் குழாயே 52 செ.மீ. அதற்கு மேல் சீட்டுக்கும் அதைக் கவ்வும் பிடிப்புக்கும் எட்டு செ.மீ. சேர்த்தால் 60. ‘சீட்டை இறக்கிக் குடுத்துடறோம்’ என்றார்களே, இறங்கவே இறங்காது. பார் பின்பக்கம் சரிந்து வரும் புது மாடலாக இருந்தால் இறங்கும். ஆனால் முன்னால் ஹேண்டில்பார் இருக்கும் இடம் அப்படியேதான் இருக்கும். 44க்கும் 52க்கும் பாரின் நீளத்தில் மட்டும் மூன்று நான்கு செ.மீ. வித்தியாசம் வரும். 52இல் வரும் ஸ்டெம் நீளம், ஹேண்டில்பார் அகலம், கிராங்க் எல்லாமே பெரியவர்களுக்கானவை. எல்லாம் சேர்ந்து பிள்ளை கையை விறைத்து நீட்டிக்கொண்டு, முழங்கை மடங்காமல், சீட்டின் மூக்கில் உட்கார்ந்து ஓட்டும். அப்படி ஓட்டும் பிள்ளையால் பிரேக்கை அவசரத்துக்கு நன்றாகப் பிடிக்க முடியாது.

கீழே கால் ஊன்றி நிற்கும்போது பாருக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி கட்டாயம். ஷூவோடு சேர்த்து அவளுக்கு 70 கிடைக்கும். ஆக, பாரின் உயரம் 68ஐத் தாண்டக் கூடாது. 52இல் அது சுமார் 75 இருக்கும். சிக்னலில் திடீரென்று இறங்கி நிற்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது, பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். இது தெரிந்தால் எதை மாற்ற வேண்டியிருக்கும், எப்போது என்பது தானாகப் புரியும். பெண் பிள்ளைகள் வேகமாக உயரும் காலம் பொதுவாக 11, 12 வயதை ஒட்டி வருகிறது. வருடத்துக்கு ஏழெட்டு செ.மீ. கூட வளரும். ஆண் பிள்ளைகளுக்கு இது இரண்டு வருடம் பின்னால், 13, 14இல். வயதுக்கு வந்த பிறகு பெண் பிள்ளைகள் பொதுவாக ஐந்திலிருந்து ஏழு செ.மீ. வரைதான் கூடுவார்கள். இதிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. முதலில் நீளுவது கால், உடம்பு ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத்தான் பின்னால் வரும். கொஞ்ச நாளைக்குப் பிள்ளை காலும் கையுமாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிளில் இதற்கு அர்த்தம், முதல் வருடம் சீட் ஏறிக்கொண்டே போகும், ஹேண்டில்பார் தூரம் அவ்வளவாக மாறாது. இரண்டாம் வருடம்தான் ஸ்டெம்மை நீட்ட வேண்டி வரும். சீட்டை ஏற்றச் செலவு இல்லை, ஓர் ஆலன் கீ போதும். நீளமான ஃபிரேமை இன்றைக்கே வாங்குவதில் பயனில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே என் யோசனை: 44 என்றோ எக்ஸ்எக்ஸ்எஸ், எக்ஸ்எஸ் என்றோ போட்டிருக்கும், பார் நன்றாகச் சரிந்த, 700 சி எனப்படும் பெரியவர்கள் அளவுச் சக்கரம் கொண்ட ஃபிரேம் ஒன்றைத் தேடுங்கள். பெயரை நம்ப வேண்டாம், ஒரு கம்பெனியின் எக்ஸ்எஸ் இன்னொரு கம்பெனியின் எஸ் ஆக இருக்கும். நிறுவனம் வெளியிடும் அளவுப் பட்டியலில் பாரின் உயரத்தை மட்டும் பாருங்கள்: 68க்குள். அதோடு 60 மி.மீ. ஸ்டெம் போடச் சொல்லுங்கள். வளர வளர 70, 80, 90 என்று பத்துப் பத்தாகக் கூட்டலாம். ஹேண்டில்பாரைக் கவ்வும் பிடிப்பு 31.8 மி.மீ. உள்ள ஸ்டெம் எங்கும் கிடைக்கும், அதிக விலையும் இல்லை. சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட்டில் குறைந்தபட்சம் உள்ளே இருக்க வேண்டிய அளவுக்குக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியாத வரை ஏற்றலாம், பத்து செ.மீ. தாராளமாகக் கிடைக்கும். இப்படி 44 ஒன்று மகளை 155, 156 வரை கொண்டுபோய் விடும். 158இல் அவள் நின்றுவிட்டால், 90 ஸ்டெம்மோடு கல்லூரி வரைகூட அதையே ஓட்டலாம்.

68க்குள் 700 சி கிடைக்கவில்லை என்றால்? இங்கிலாந்தில் பிள்ளைகளுக்கென்றே 24, 26 அங்குல சக்கரத்தில் ரோடு பைக் செய்கிறார்கள். ஃபிராக் என்ற கம்பெனி மாடலுக்குப் பெயரே கால் அளவில்தான் வைக்கிறது: 67 என்றால் 67 செ.மீ. கால் உள்ள பிள்ளைக்கு. இந்தத் துறையில் பெயர் பெற்ற இஸ்லாபைக்ஸ் 2023இல் சைக்கிள் செய்வதையே நிறுத்திக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து உறவினர் யாராவது கொண்டுவந்தால் தவிர இவற்றை நம்பி உட்கார வேண்டாம். அதற்குப் பதில் ஆறு மாதம் பொறுங்கள். மகளின் பழைய 24 அங்குல சைக்கிளில் முள் முள்ளாக இருக்கும் டயரைக் கழற்றிவிட்டு, மெலிந்த வழவழப்பான டயர் போட்டு, சீட்டைச் சரியாக ஏற்றிக் கொடுங்கள். அதுவே வேறு சைக்கிள் மாதிரி ஓடும். ஆறு மாதத்தில் கால் இரண்டு செ.மீ. கூடியிருக்கும், அப்போது எக்ஸ்எஸ் பொருந்தும்.

இனி, கடையில் யாரும் பேசாத ஒன்று: கிராங்க் நீளம். ரோடு பைக்கில் சாதாரணமாக வருவது 170, 172.5 மி.மீ. மிகச் சிறிய ஃபிரேமிலும் 165க்குக் கீழே வருவது அபூர்வம். உங்கள் மகளின் காலுக்கு 150ஐ ஒட்டி இருந்தால் போதும். இருபது மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 150க்குப் பதில் 170 போட்டால், பெடல் கீழே போகும்போது இரண்டு செ.மீ. கூடுதலாகப் போகிறது. கால் எட்ட வேண்டுமே என்று சீட்டை இரண்டு செ.மீ. இறக்குகிறீர்கள். அதே பெடல் மேலே வரும்போது இரண்டு செ.மீ. கூடுதலாக ஏறி வருகிறது. ஆக, மேலே வரும் நேரத்தில் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே நான்கு செ.மீ. காணாமல் போய்விட்டது. முழங்கால் நெஞ்சை நோக்கி வந்து இடிக்கும், இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். பின்னாலிருந்து பார்த்தால் சீட்டில் உட்கார்ந்து நடப்பது போல் தெரியும். நிமிடத்துக்குத் தொண்ணூறு சுற்று சுற்ற வேண்டிய பிள்ளை அறுபதில் திணறும். பிள்ளைகளின் மவுன்டன் பைக்குகளுக்கு 152 மி.மீ. கிராங்க் வருகிறது. ஓர் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் சொன்னால் வரவழைத்து, செயின் நேராக ஓடும்படி மாட்டித் தருவார். கிடைக்கவில்லையா, 160 அல்லது 165. 170 மட்டும் வேண்டாம்.

மூட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வேகமாக வளரும் காலத்தில் முழங்கால் சில்லுக்குக் கீழே, கால் எலும்பு முன்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும் இடத்தில் சில பிள்ளைகளுக்கு வலி வரும். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்பார்கள். ஓடி ஆடும் பிள்ளைகளுக்கு அதிகம் வரும், வளர்ச்சி அடங்கியதும் பெரும்பாலும் தானே போய்விடும். ஆனால் சீட் தாழ்ந்திருந்தாலோ, கனமான கியரை மிதித்தாலோ வலி ஏறும். அந்த இடத்தைத் தொட்டாலே வலிக்கிறது என்றால் சைக்கிளை நிறுத்தி வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கியர் விஷயத்தில் ஒரே விதிதான்: லேசாக மிதி, நிறையச் சுற்று. சாதாரண ரோடு பைக்கில் முன்னால் 50, 34 பல். பின்னால் 11இலிருந்து 32 அல்லது 34 வரை இருக்கும். மிகக் கனமான 50க்கு 11இல் ஒரு சுற்று மிதித்தால் சைக்கிள் 9.7 மீட்டர் போகும். உலக சைக்கிள் சம்மேளனமான யூசிஐ, 17, 18 வயதுப் பந்தய வீரர்களுக்கே ஒரு சுற்றுக்கு 7.93 மீட்டர் என்று வரம்பு வைத்திருந்தது, 2023இல்தான் அதை எடுத்தார்கள். 37 கிலோ பிள்ளைக்கு 9.7 மீட்டர் எதற்கு? முதல் வருடம் முன்னால் சின்னப் பல்லிலேயே ஓட்டட்டும். மருதமலை ஏற்றத்துக்குப் பின்னால் 32 பல் இருந்தால் நல்லது, வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் கை. ரோடு பைக்கில் பெற்றோர் கவனிக்காமல் விடும் இடம் இது. மகளைக் கடைக்குக் கூட்டிப்போய், பிரேக் லீவரின் மேல்பகுதியில் கை வைக்கச் சொல்லுங்கள். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் லீவரைச் சுற்றி மடங்குகின்றனவா, அல்லது விரல் நுனி மட்டும் தொடுகிறதா? பிறகு கீழ் வளைவில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல லீவர்களில் அதை உள்ளே கொண்டுவர ஒரு சிறு திருகு உண்டு, இல்லாதவற்றில் ரப்பர் ஆப்பு ஒன்று வைக்கலாம். சோதனை இதுதான்: அவள் சைக்கிளை விட்டு இறங்கி நின்று, முன்னால் தள்ளிக்கொண்டே முன் பிரேக்கை அவளே பிடிக்க வேண்டும். பின் சக்கரம் தரையை விட்டு எழுந்தால் பிரேக் அவள் கைக்குப் போதும். நீங்கள் பிடித்துப் பார்த்து ‘நல்லா இருக்கு’ என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. முன் பிரேக் எந்தக் கையில் இருக்கிறது என்பதையும் பழைய சைக்கிளோடு ஒப்பிடுங்கள். இடம் மாறியிருந்தால் ஒயரை மாற்றிப் போடச் சொல்லிவிட்டுத்தான் கடையை விட்டுக் கிளம்ப வேண்டும்.

குறைந்த விலைச் சைக்கிள்களில் வரும் ஷிமானோ டூர்னி லீவரில், ஒரு பக்கக் கியர் மாற்றத்துக்கு உட்புறம் கட்டைவிரல் பொத்தான் இருக்கும். கீழ் வளைவில் கை இருக்கும்போது அது எட்டாது. ஒரு படி மேலே உள்ள கிளாரிஸில் இரண்டும் பிரேக் லீவர் பக்கத்திலேயே இருக்கிறது. சிறிய கைக்கு அந்தக் கூடுதல் பணம் தகும். கார்பனுக்கோ டிஸ்க் பிரேக்குக்கோ கொடுக்கும் பணம் இந்த வயதுக்குத் தகாது. விலை குறைந்த ஒயர் டிஸ்க் பிரேக்கைவிட, சுத்தமான ஒயரும் நல்ல கட்டையும் போட்ட, சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் சின்னக் கைக்கு லேசாக இருக்கும்.

ஹேண்டில்பார் அகலத்துக்கு, தோளின் இரண்டு எலும்பு முனைகளுக்கு நடுவே அளந்துகொள்ளுங்கள். அவளுக்கு 36 சரியாக இருக்கும், கிடைக்காவிட்டால் 38. சிறிய ஃபிரேமில் பெரிய சக்கரம் இருப்பதால் இன்னொன்றும் நடக்கும். மெதுவாக வளைத்துத் திருப்பும்போது ஷூ முனை முன் சக்கரத்தில் உரசும். பயப்பட வேண்டாம், வேகத்தில் போகும்போது ஹேண்டில்பார் அந்த அளவுக்குத் திரும்பாது. வீட்டு வாசலில் யூ டர்ன் அடிக்கும்போது, எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அதற்கு எதிர்ப் பக்கப் பெடலை முன்னால் நிறுத்தாதே என்று சொல்லிக் கொடுத்துப் பழக்கிவிடுங்கள். குட்டைக் கிராங்க் போட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

பெடலோடு ஷூவை மாட்டும் கிளீட் இப்போது வேண்டாம். அகலமான சாதாரணப் பெடல் போதும். ஹெல்மெட் மட்டும் இன்றைய தலை அளவுக்குச் சரியாக.

இந்தப் பிறந்தநாள் ரகசியத்தை விட்டுவிடுங்கள். அவள் இல்லாமல் வாங்கினால் மேலே சொன்ன எதையும் சோதிக்க முடியாது. பரிசைப் பெட்டியில் வைத்துத்தான் தர வேண்டும் என்றால் ஹெல்மெட்டைப் பெட்டியில் வையுங்கள், மறுநாள் இருவரும் கடைக்குப் போங்கள். 38,000 கையில் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, சைக்கிளுக்கு முப்பது, முப்பத்திரண்டோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தை ஸ்டெம், கிராங்க், ஹேண்டில்பார் மாற்ற வைத்துக்கொள்ளுங்கள். பழைய சைக்கிள் கிடைத்தாலும் நல்லது. சின்ன அளவு விற்பனைக்கு வருவது அரிது, வந்தால் நிற்காது. நாளைக்கு நீங்கள் விற்றாலும் அதே கதைதான், கேட்டு வருவார்கள். பழையதில் முன் ஃபோர்க்கைப் பக்கவாட்டில் பார்த்து, வளைவு ஏதும் இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுப் பரீட்சை விடுமுறை ஒவ்வொன்றிலும் புத்தகம் வைத்துக் கால் அளவெடுங்கள். கால் ஒரு செ.மீ. கூடியிருந்தால் சீட்டும் ஏறக்குறைய ஒரு செ.மீ. ஏறட்டும். சீட் போஸ்ட்டில் பழைய இடத்தில் ஒரு டேப் ஒட்டிவிட்டு ஏற்றினால் குழப்பம் வராது. முழங்கை நேராக விறைக்காமல் லேசாக மடங்கியிருக்கும் வரை ஸ்டெம்மைத் தொடாதீர்கள். முழங்கால் கையில் இடிக்கத் தொடங்கினால், அல்லது அவள் தானாகவே சீட்டின் பின்பக்கம் தள்ளி உட்கார ஆரம்பித்தால், அடுத்த அளவு ஸ்டெம்முக்கு நேரம் வந்துவிட்டது.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: ஹேண்டில்பாரைச் சீட்டின் உயரத்துக்கே வைத்து ஓட்டினால் முதுகு ஒன்றும் ஆகாது. ஸ்டெம்முக்குக் கீழே வளையங்கள் போட்டு உயர்த்தித் தருவார்கள், முதல் வருடம் அப்படியே இருக்கட்டும். மேசை மேல் கவிழ்ந்து ஃபோன் பார்க்கும் முதுகைவிட இது நல்ல முதுகு. சைக்கிள் ஓட்டினால் உயரம் கூடும் என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதையும் நம்ப வேண்டாம், உயரம் உங்கள் இருவரிடமிருந்துதான் வர வேண்டும்.

மகனுக்கு இப்போது ரோடு பைக் வேண்டாம். எட்டு வயதில் நேரான ஹேண்டில்பார் வைத்த, எடை குறைந்த சைக்கிளில் ஒரு கையை எடுத்து சிக்னல் காட்டவும், தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கவும், நேர்க்கோட்டில் ஓட்டவும் பழகட்டும். அக்காவின் 24 அங்குல சைக்கிள், அந்த வழவழ டயரோடு, அடுத்து அவனுக்குத்தான். அதற்கு அடுத்து இந்த 44. சின்னதாக வாங்கினால் பணம் வீண் என்று உங்களுக்கிருக்கும் பயம் இங்கே அடிபட்டுப் போகிறது. ஆகையால் நிறம் தேர்ந்தெடுக்கும்போது இருவருக்கும் ஒத்துவருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். ‘அக்காவோட பிங்க் சைக்கிள்’ என்று அவன் நாளைக்கு முரண்டு பிடித்தால் மறுபடி 30,000 செலவாகும்.

கடைசியாகக் காற்று. கடையில் ரோடு பைக் என்றாலே 100 பிஎஸ்ஐ அடித்துக் கல் மாதிரி அனுப்புவார்கள். 37 கிலோ பிள்ளைக்கு, 28 மி.மீ. டயரில் 50இலிருந்து 60 போதும். சாலைக் குழியெல்லாம் கையில் தெறிக்காது, ஈரத்தில் பிடிப்பும் இருக்கும். டியூபில் வருவது மெலிந்த பிரெஸ்டா வால்வு, தெருமுனைப் பஞ்சர் கடைப் பம்பு அதில் மாட்டாது. அதற்கென்று சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பித்தளை அடாப்டர் விற்கிறது. இரண்டு வாங்கி, ஒன்றைச் சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் போட்டுவிடுங்கள், ஒன்று எப்படியும் தொலையும்.